4 இன்ச் பைப்புல ஒரு லைட்வெயிட் டார்பிடோ: ஸ்கூல் கண்காட்சிக்கு மாடல் செய்யிற முறை

அக்கா பையன் ஃபார்ம் டூ படிக்கிறான், ஸ்கூல்ல அறிவியல் கண்காட்சி வருதுன்னு சொல்லி ஒரு நாள் சாயங்காலம் பினாங்கு பட்டர்வொர்த்துல எங்க வீட்டுக்கு வந்து "மாமா, எல்லாரும் எரிமலை, சோலார் கார்னு செய்றாங்க, நான் டார்பிடோ செய்யப் போறேன், செஞ்சு தாங்க"ன்னு நின்னான். செஞ்சு தர மாட்டேன்டா, சேர்ந்து செய்வோம்னு ஒத்துக்கிட்டேன். மூணு வாரம், சனி ஞாயிறுல மட்டும் வேலை, வீட்டு முன்னாடி கார் நிக்கிற எடத்துல. அதுல என்னென்ன செஞ்சோம், எங்க தப்பு பண்ணோம், எந்த அளவு சரியா வந்துச்சு எல்லாத்தையும் இங்க எழுதி வைக்கிறேன், அடுத்து யாராச்சும் பிள்ளைங்களோட செய்யணும்னா உபயோகமா இருக்கும். இது பார்வைக்கு வைக்கிற மாடல் மட்டும்தான், ஓடாது, வெடிக்காது, பைப்பு, கிண்ணம், பசை, அட்டை அவ்வளவுதான்.

டார்பிடோன்னா தண்ணிக்குள்ள தானா ஓடிப் போய் கப்பலையோ நீர்மூழ்கியையோ அடிக்கிற ஆயுதம். முதல்ல எந்த டார்பிடோன்னு முடிவு பண்ணிக்கணும். டார்பிடோல பெரிய சைஸ், சின்ன சைஸ்னு ரெண்டு குடும்பம் இருக்கு. பெருசு 533 மிமீ குறுக்களவு, நீர்மூழ்கிக் கப்பல்ல இருந்து விடுறது, ஒண்ணோட எடை ஒரு டன்னுக்கு மேல போகும். சின்னதுதான் நமக்கு வேண்டியது, 324 மிமீ, மேற்கத்திய நாடுங்க பெரும்பாலும் இந்த ஒரே அளவுலதான் செய்றாங்க, ஏன்னா ஒரே குழாய்ல யாரோட டார்பிடோவும் போகணும். இதோட வேலை ஒண்ணே ஒண்ணு, தண்ணிக்கு அடியில ஒளிஞ்சிருக்கிற நீர்மூழ்கியத் தேடிப் புடிக்கிறது. ஏன் லைட்டா இருக்கணும்னா ஹெலிகாப்டர் தூக்கிட்டுப் போகணுமே. அமெரிக்காவோட மார்க் 46 எடுத்துக்கோங்க, சுமார் 230 கிலோ, 2.59 மீட்டர் நீளம், அதாவது வளர்ந்த ஆளுங்க மூணு பேரு எடை. 1960கள்ல வந்தது, உலகம் பூரா நிறைய நாட்டு கடற்படை வாங்கிருக்கு, படம் ஈஸியா கிடைக்கும், அதனால நாங்க இதையே எடுத்துக்கிட்டோம்.

இப்ப ஒரு அழகான கணக்கு சொல்றேன், இதைக் கண்டுபிடிச்ச அன்னைக்கு பையன் துள்ளிக் குதிச்சான். 324 மிமீ இன்ச்ல 12.75. தண்ணி போற 4 இன்ச் பைப்போட வெளி அளவு 4 இன்ச் கிடையாது, 4.5 இன்ச், அதாவது 114.3 மிமீ. 4.5ஐ 12.75ல வகுத்தா 17ல 6 பங்கு. மார்க் 46 நீளம் 102 இன்ச், அதுல 17ல 6 பங்குன்னா சரியா 36 இன்ச், மூணு அடி! ஒரு புள்ளி கூட மிச்சம் இல்லாம வந்துச்சு. மேசை மேல வைக்கவும் சரி, கார் பின் சீட்டுல போட்டு எடுத்துட்டுப் போகவும் சரி. 6 இன்ச் பைப்புல செய்யலாம்னு முதல்ல நெனச்சோம், பாதி சைஸுக்கு கொஞ்சம் மேல வரும், ஆனா 1.35 மீட்டர் நீளம், கனமும் ஜாஸ்தி, ஒரு பையன் தூக்க முடியாது, வேணாம்.

பைப்பு வாங்கும்போது கவனமா இருங்க. ஹார்ட்வேர் கடையில "4 இன்ச்"னு கேட்டா ரெண்டு விதமா எடுத்துப் போடுவாங்க, டாய்லெட் கழிவுக்குப் போற பைப்பு வெளிய 110 மிமீ, தண்ணி பிரஷர் பைப்பு 114. பார்க்க ஒண்ணு போலவே இருக்கும். நாங்க முதல் தடவை 110 வாங்கிட்டு வந்து எல்லாம் அளந்து கோடு போட்ட பிறகுதான் தெரிஞ்சுது. கடையிலயே ஒரு நூல எடுத்து சுத்திப் பாருங்க, 359 மிமீ வந்தா சரியான பைப்பு, 345, 346 வந்தா அது மத்தது. இன்னொண்ணு, முழு நீளம்தான் விப்போம்னு சொல்லுவாங்க, அது நமக்கு வேஸ்ட், தெரிஞ்ச பிளம்பர் அண்ணன் யாராச்சும் இருந்தா வெட்டுத் துண்டு கேளுங்க, ஒரு மீட்டர் போதும். எங்களுக்கு பக்கத்து வீட்டு அங்கிள் காசு வாங்காம குடுத்தாரு.

மூணு அடிய நாங்க பிரிச்சது இப்படி. மூக்கு 50 மிமீ, நடு பைப்பு 644, வால் கூம்பு 180, கடைசியில புரப்பெல்லர் சுத்துற எடம் 40, மொத்தம் 914. நிஜ டார்பிடோவோட ஃபோட்டோவப் பார்த்து கண்ணுக்கு ஒத்துப் போற மாதிரி நாங்களே வச்ச பிரிவு இது, உங்களுக்கு வேற மாதிரி படுதுன்னா மாத்திக்கலாம், மொத்த நீளம் மட்டும் மாறக் கூடாது. பைப்ப நேரா வெட்டுறதுக்கு ஒரு வழி இருக்கு, அகலமான பேப்பர் ஒண்ண பைப்ப சுத்தி ஓரம் ஓரத்தோட சேர்ற மாதிரி இறுக்கி ஒட்டிட்டு அந்த ஓரத்துலயே பென்சில் கோடு போடுங்க, அப்புறம் இரும்பு ரம்பத்தால பைப்ப உருட்டி உருட்டி வெட்டுங்க, ஒரே பக்கமா அறுத்தா கண்டிப்பா கோணும். தூசி மூக்குல போகாம மாஸ்க் போட்டுக்கோங்க. பைப்ப நெருப்புல காட்டி வளைக்கிறது உருக்குறது எதுவும் வேண்டவே வேண்டாம், பிவிசி எரிஞ்சா வர்ற புகை ரொம்ப கெட்டது, பிள்ளைங்க பக்கத்துல இருக்கிறப்போ சொல்லவே வேணாம்.

வெட்டின கையோட பக்கவாட்டுல ஜன்னல் எடுத்துருங்க, மூக்கு ஒட்டினதுக்கு அப்புறம் எடுக்கிறது பெரிய கஷ்டம். நாங்க 560 மிமீ நீளம், பைப்போட சுத்தளவுல மூணுல ஒரு பங்கு அகலம் எடுத்தோம், நாலு மூலையிலயும் டிரில்ல ஓட்டை போட்டுட்டு நடுவுல சின்ன ரம்பத்தால அறுத்தோம். மூலையில ஓட்டை போடலைன்னா அங்க இருந்து விரிசல் ஓடும்.

மூக்குக்கு என்ன வைக்கிறதுன்னு ரெண்டு நாள் யோசிச்சோம். பைப்பு மூடி வாங்கி மாட்டலாம், ஆனா அது பைப்புக்கு வெளிய உக்காரும், படி மாதிரி தெரியும், டார்பிடோ மாதிரி இருக்காது. கடைசில பாசார் மாலாம்ல, அதாவது ராத்திரிச் சந்தையில, கண்ணுல பட்டுச்சு, சூப்பு ஊத்துற மெலமைன் கிண்ணம்! நாலரை இன்ச் சைஸ் சர்வ சாதாரணமா விக்கிறாங்க. பைப்புல இருந்து ஒரு வளையம் வெட்டி பாக்கெட்ல போட்டுட்டுப் போய் கடையிலயே வச்சுப் பார்த்து வாங்குங்க. உண்மையான மூக்கும் ஏவுகணை மாதிரி கூரா இருக்காது, மொண்ணையாதான் இருக்கும், அதுக்கு ஒரு காரணம் இருக்கு, அத பையன் கண்காட்சியில சொல்லணும்னு நான் முதல் நாளே சொல்லிட்டேன்: அந்த மூக்குதான் டார்பிடோவோட காது. உள்ள நிறைய சின்ன சின்ன ஒலி உணர்விங்கள தட்டையா அடுக்கி வச்சிருப்பாங்க, அதுங்களுக்கு எடம் வேணும். கிண்ணத்து அடியில இருக்கிற வட்ட விளிம்ப சேன்ட் பேப்பர்ல தேச்சு எடுத்துட்டு, எபோக்சி புட்டி வச்சு மூடி, ஒரு ராத்திரி காய விட்டு மறுபடி தேய்ங்க. மெலமைன் வழவழன்னு இருக்கும், சொரசொரப்பா தேய்க்காம பசை போட்டா புடிக்காது.

உள்ள வைக்கிற பாகங்கள்தான் இந்த மாடலோட உயிரு. ஜன்னல் வழியா பார்த்தா முன்னாடி இருந்து பின்னாடி வரைக்கும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு கலர்ல தெரியணும். மூக்குக்குப் பின்னாடி ஒலி அனுப்புற வாங்குற எலக்ட்ரானிக்ஸ், அதுக்கு நாங்க கெட்டுப் போன ரேடியோ போர்டு ஒண்ண வெட்டி வச்சோம், பச்சையா மினுமினுன்னு அருமையா இருந்துச்சு. அடுத்து வெடிமருந்துப் பகுதி, வெறும் செவப்பு பெயிண்ட் அடிச்ச ஃபோம் துண்டு. அடுத்து கட்டுப்பாட்டுப் பகுதி, அடுத்து எரிபொருள் டாங்கி, கடைசியில எஞ்சின். இங்க ஒண்ணு கவனிச்சுப் பாருங்க, 230 கிலோல வெடிமருந்து சுமார் 44 கிலோதான், அஞ்சுல ஒரு பங்கு கூட இல்ல. மிச்சம் எல்லாம் கேக்குறதுக்கும், யோசிக்கிறதுக்கும், ஓடுறதுக்கும். டார்பிடோன்னா வெடிக்கிற சாமான்னு நெனச்சுட்டு வர்றவங்களுக்கு இந்த ஜன்னல் ஒண்ணே பதில் சொல்லும், அதனால செவப்புத் துண்ட பெருசா வைக்காதீங்க, அளவா வைங்க.

எஞ்சின் பத்தி யாராச்சும் கேட்டா: மார்க் 46ல ஆட்டோ ஃபியூல்னு ஒரு எரிபொருள், கண்டுபிடிச்சவரு பேரு ஆட்டோ ரைட்லிங்கர், அந்தப் பேருதான், காரு ஆட்டோவுக்கும் இதுக்கும் சம்பந்தம் இல்ல. தண்ணிக்கு அடியில காத்து ஏது, அதனால எரியறதுக்கு காத்தே தேவைப்படாத எரிபொருளா இருக்கணும், அதுதான் விஷயம். பிரிட்டன்ல 1983ல வந்த ஸ்டிங் ரே வேற வழி, அது கடல் தண்ணி பேட்டரில ஓடுது, 45 நாட் வேகம். 45 நாட்னா மணிக்கு 83 கிலோமீட்டர், பினாங்கு முதல் பாலம் கடலுக்கு மேல மட்டும் 8.4 கிலோமீட்டர், அத ஆறு நிமிஷத்துல தாண்டிரும், அதுவும் தண்ணிக்குள்ள! இத அட்டையில எழுதி வச்சோம், வந்த பிள்ளைங்க எல்லாம் நின்னு படிச்சாங்க.

வால் கூம்புக்கு மணிலா கார்டு போதும், ஆனா கண் மதிப்புல வெட்டினா ஒட்டவே ஒட்டாது, கணக்கு போட்டே வெட்டணும். பெரிய பக்கம் 114 மிமீ, சின்ன பக்கம் 42, நீளம் 180. காம்பஸ்ல, இல்லைன்னா நூல்ல பென்சில் கட்டி, ஒரே மையத்துல இருந்து 291 மிமீ ஆரத்துல ஒரு வில்லும் 107 மிமீ ஆரத்துல இன்னொரு வில்லும் போடுங்க, கோணம் 70 டிகிரிக்கு அரை டிகிரி கூட, ஒட்டுறதுக்கு ஓரத்துல 10 மிமீ விட்டுக்கோங்க. வெட்டி சுருட்டினா அப்படியே பைப்பு வாய்ல உக்காரும். உள்ள பிளைவுட் வட்டம் ரெண்டு வச்சு தாங்கு குடுங்க. மேல வெள்ளை பசைய தண்ணி கலந்து மூணு கோட்டு அடிச்சா அட்டை மரம் மாதிரி கெட்டியாயிரும். துடுப்பு நாலு, 3 மிமீ ஃபோம் போர்டுல வெட்டி கூட்டல் குறி மாதிரி நாலு பக்கமும் ஒட்டுங்க.

புரப்பெல்லர் ரெண்டு, ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு, எதிர் எதிர் பக்கம் சுத்தும். எதுக்கு ரெண்டுன்னா, ஒண்ணு மட்டும் வலது பக்கம் சுத்தினா உடம்பு இடது பக்கம் உருள ஆரம்பிச்சிரும், உருண்டுட்டே போனா துடுப்பு எப்படி திருப்பும். ரெண்டும் எதிர்ல சுத்தும்போது அந்த உருட்டல் ஒண்ண ஒண்ணு அடிச்சிக்கும். செய்றது: ஒண்ணேகால் இன்ச் பைப்புல 20 மிமீ வளையம் ரெண்டு வெட்டுங்க, வெளி அளவு 42 மிமீ, கூம்போட சின்ன பக்கத்தோட ஒத்துப் போகும். ஒவ்வொரு வளையத்துலயும் சாய்வா வெட்டு போட்டு ஐஸ்கிரீம் டப்பா பிளாஸ்டிக்ல வெட்டின இலைய சொருகி ஒட்டுங்க. முன் வளையத்துல வெட்டு வலது பக்கம் சாயணும், பின் வளையத்துல இடது பக்கம். பையன் ரெண்டையும் ஒரே பக்கமா சாச்சு ஒட்டிட்டான், காஞ்ச பிறகுதான் பார்த்தோம், பிச்சு மறுபடி செஞ்சான். முன் வளையத்த ஸ்ட்ராவோட ஒட்டுங்க, பின் வளையத்த அந்த ஸ்ட்ராவுக்குள்ள போற சாத்தே குச்சியோட (கறி சொருகுற மூங்கில் குச்சி) ஒட்டுங்க, ரெண்டும் தனித்தனியா சுத்தும். மோட்டார் வைக்கலாம், ஆனா கையால சுத்திக் காட்டுறதே நல்லா புரியுது, பார்க்க வர்ற சின்ன பிள்ளைங்களும் தொட்டுப் பார்க்கலாம். ஸ்டிங் ரே, எம்யூ90 மாதிரி புதுசுங்கள்ல புரப்பெல்லர் வெளிய தெரியாது, வளையத்துக்குள்ள பம்ப்ஜெட், சத்தம் கம்மி. சத்தம் கம்மியானா தன் காதே தனக்கு நல்லா கேக்கும், அதுவும் ஒரு லாபம்.

அடுத்து பாராசூட். ஹெலிகாப்டர்ல இருந்து போடுறப்போ வேகமா தண்ணில அடிச்சா உள்ள இருக்கிறதெல்லாம் நொறுங்கிரும், அதனால வால் பக்கம் சின்ன பாராசூட் ஒண்ணு இருக்கும், தண்ணி தொட்டதும் அது கழண்டுரும், டார்பிடோ உள்ள போய் ஓட ஆரம்பிக்கும். கிழிஞ்ச குடை துணிதான் இதுக்கு பெஸ்ட், எட்டு மூலை ஏற்கனவே இருக்கு, மூலைக்கு ஒரு நூல் கட்டினா வேலை முடிஞ்சுது. மணிலா கார்டுல ஒரு சின்ன டப்பா மாதிரி சுருட்டி, அதுக்குள்ள மடிச்சு வச்சு, வால்ல ஒட்டாம காந்தத்துல நிக்க வச்சோம், பையன் "இப்ப தண்ணில விழுந்துருச்சு"ன்னு சொல்லி கழட்டிக் காட்டுவான். தண்ணிக்குள்ள போனதும் அது நேரா ஓடாது, வட்டம் வட்டமா சுருள் மாதிரி இறங்கிட்டே தேடும், இத காட்ட கெட்டிக் கம்பிய ஸ்ப்ரிங் மாதிரி வளைச்சு பக்கத்துல நிக்க வைங்க.

கப்பல்ல இருந்து போடுறதா இருந்தா பாராசூட் வேணாம், மூணு மூணா அடுக்கின குழாய்ல இருந்து அழுத்தின காத்துல தள்ளி விடுவாங்க, தண்ணில விழுந்த பிறகுதான் எஞ்சின் ஓடும். நம்ம மலேசிய கடற்படையில லெக்கியு, ஜெபாட் ரெண்டு ஃப்ரிகேட்லயும் இந்த மூணு குழாய் லாஞ்சர் ரெண்டு பக்கமும் இருக்கு, இந்த மாதிரி குழாய்ல போற டார்பிடோல ஒண்ணு இத்தாலியோட ஏ244எஸ். அத செஞ்ச ஒயிட்ஹெட் கம்பெனியோட மூலத்தத் தேடிப் போனா ராபர்ட் ஒயிட்ஹெட்டுலதான் போய் நிக்கும், 1866ல ஃபியூமேல (இப்ப குரோஷியாவுல இருக்கிற ரியெக்கா ஊரு) தானா ஓடுற முதல் டார்பிடோவ செஞ்சவரு. இந்தியாவும் விசாகப்பட்டினத்துல இருக்கிற ஆய்வகத்துல ஷ்யேனான்னு ஒண்ணு செஞ்சிருக்கு, அதுவும் 324 மிமீதான். இதெல்லாம் ஒரு சின்ன அட்டையில எழுதிட்டா போதும், நீட்ட வேணாம்.

நீட்ட வேண்டியது காது விஷயத்த. இங்கதான் நம்ம பினாங்கு உள்ள வருது. 1914 அக்டோபர் 28 விடியக்காலம், ஜெர்மன் கப்பல் எம்டன் ஜார்ஜ்டவுன் துறைமுகத்துக்குள்ள நுழைஞ்சுது. அதுக்கு மூணு புகைபோக்கி, பொய்யா நாலாவது ஒண்ணு வச்சு பிரிட்டிஷ் கப்பல் மாதிரி வேஷம் போட்டு வந்து, நங்கூரம் போட்டு நின்ன ரஷ்யக் கப்பல் ஜெம்சுக்க டார்பிடோ விட்டு மூழ்கடிச்சுது. ரஷ்யக் கேப்டன் அன்னைக்கு ராத்திரி கப்பல்லயே இல்ல, கரையில இருந்தாரு. செத்துப்போன மாலுமிங்களுக்கு நினைவுக்கல்லு வெஸ்டர்ன் ரோடு கல்லறையில இன்னும் இருக்கு, பையன கூட்டிட்டுப் போய் காட்டினேன், மாடல் செய்ற பிள்ளைங்க இதப் பார்க்கணும்னு எனக்குத் தோணுச்சு, பைப்புல செய்றது வேற, நிஜத்துல அது ஆளுங்கள சாகடிச்ச சாமான். கல்லு முன்னாடி அவன் ரொம்ப நேரம் பேசாம நின்னான்.

எம்டன் விட்ட டார்பிடோவுக்கு காது கிடையாது. நேரா விட்டா நேரா போகும், கப்பல் நகராம நின்னுச்சு, பட்டுச்சு. தண்ணிக்கு அடியில திரும்பித் திரும்பி ஓடுற நீர்மூழ்கிய அப்படி அடிக்க முடியுமா? ரெண்டாம் உலகப் போர்ல பினாங்கே நீர்மூழ்கித் தளமா இருந்துச்சு, ஜப்பான்காரனோடதும் ஜெர்மன்காரனோடதும் இங்க வந்து போச்சுங்க. 1943 நவம்பர் 13ல பிரிட்டிஷ் நீர்மூழ்கி டாரஸ் ஜப்பானோட ஐ-34ஐ பினாங்கு பக்கத்துல அடிச்சுது, அதுவும் ஐ-34 தண்ணிக்கு மேல வந்தபோதுதான். அடியில இருக்கிறத அடிக்கணும்னா கேக்கத் தெரியணும். அதே 1943 மே மாசத்துல அட்லாண்டிக்ல விமானத்துல இருந்து போட்ட முதல் கேக்குற டார்பிடோ ஜெர்மன் நீர்மூழ்கிய மூழ்கடிச்சுது, பேரு மார்க் 24, ரகசியம் வெளிய தெரியக் கூடாதுன்னு "மைன்"னு பேரு வச்சிருந்தாங்க, செல்லப் பேரு ஃபைடோ. வெறும் 12 நாட் வேகம், இப்ப உள்ளதோட ஒப்பிட்டா ஆமை. ஆனா உடம்ப சுத்தி நாலு பக்கமும் நாலு ஒலிவாங்கி. இடது பக்கத்துல சத்தம் ஜாஸ்தியா கேட்டா இடது பக்கம் திரும்பு, மேல ஜாஸ்தின்னா மேல போ, அவ்வளவுதான் அதோட மூளை. இத விளக்க ஒரு வேலை செய்யலாம், வர்ற பிள்ளைங்கள்ல ஒருத்தர் கண்ணக் கட்டி விட்டு இன்னொருத்தர் கை தட்டணும், சத்தம் வர்ற பக்கம் திரும்பச் சொல்லுங்க, அப்புறம் ஒரு காத மட்டும் பொத்திட்டு மறுபடி செய்யச் சொல்லுங்க, தடுமாறுவாங்க. எங்க மேசையில ஜாஸ்தி கூட்டம் இதுக்குத்தான்.

ஃபைடோ சும்மா கேக்க மட்டும் செய்யும். மார்க் 46 கேக்கவும் செய்யும், தானா சத்தம் போட்டு எதிரொலியும் கேக்கும், வௌவால் மாதிரி. எதிரி எஞ்சின நிறுத்திட்டு சத்தம் இல்லாம நின்னாலும் எதிரொலி காட்டிக் குடுத்துரும். ஆனா மலாக்கா ஜலசந்தி மாதிரி ஆழம் இல்லாத கடல்ல இது பெரிய தலைவலி, சத்தம் தரையில பட்டும் மேல அலையில பட்டும் திரும்பி வரும், எது நீர்மூழ்கி எது தரைன்னு பிரிக்கிறதே கஷ்டம். இத புரிய வைக்க பையன பாத்ரூம்ல நின்னு ஒரு தடவை கத்தச் சொன்னேன், அப்புறம் எஸ்பிளனேட் திடல்ல போய் கத்தச் சொன்னேன். பாத்ரூம்ல சொன்னது கணகணன்னு எதுவும் வெளங்கல, திடல்ல எதிரொலியே இல்ல. ரெண்டையும் ஃபோன்ல ரெக்கார்ட் பண்ணி ஹெட்ஃபோன்ல போட்டுக் காட்டினோம்.

பெயிண்ட் விஷயத்துல நான் கண்டிப்பா சொல்றது, ஆரஞ்சு அடிங்க. பயிற்சிக்கு விடுற டார்பிடோல ஆரஞ்சு கலர் வைப்பாங்க, ஓடி முடிச்சதும் கனத்த கழட்டி விட்டுட்டு மேல மிதக்கும், தேடி எடுக்க கண்ணுல படணும்ல, அதுக்கு. கரும்பச்சை அடிச்சு நிஜம் மாதிரி செஞ்சு ஃபெர்ரில தூக்கிட்டுப் போனா ஜனங்க பயப்படுவாங்க, போலீஸ் கேப்பாங்க, அந்தத் தொல்லை பிள்ளைங்களுக்கு வேணாம். பக்கவாட்டுல "பள்ளி மாடல்"னு மலாய்லயும் தமிழ்லயும் பெருசா எழுதுங்க, பெட்ஷீட்ல சுத்தி கார்ல கொண்டு போங்க, டீச்சர் கிட்ட ஒரு கடிதாசி வாங்கி கையில வச்சுக்கோங்க. பிவிசி மேல பெயிண்ட் நிக்கணும்னா முதல்ல நைஸ் சேன்ட் பேப்பர்ல மழுங்கத் தேச்சு, பிளாஸ்டிக் பிரைமர் ஒரு கோட்டு, அப்புறம் லேசு லேசா மூணு கோட்டு. ஒரே தடவை தடிமனா அடிச்சா வழிஞ்சிரும், நம்ம ஊரு ஈரக் காத்துக்கு காயவும் லேட்டாகும்.

கடைசியா கடல் தண்ணி பேட்டரி, இத மட்டும் விட்டுராதீங்க. ஸ்டிங் ரேல இருக்கிறது மெக்னீசியமும் சில்வர் குளோரைடும், வருஷக் கணக்கா காஞ்சு கிடக்கும், கடல் தண்ணி உள்ள பாஞ்சாதான் கரண்ட் வரும். அதே யோசனைய வீட்டு சாமான்லயே காட்டலாம். சட்னி குடுக்கிற சின்ன பிளாஸ்டிக் டப்பா நாலு எடுங்க. ஒவ்வொண்ணுலயும் அடியில அலுமினியம் ஃபாயில், அதோட ஒரு வால் வெளிய நீட்டிட்டு இருக்கணும், மேல நாலா மடிச்ச டிஷ்யூ, அதுக்கு மேல மீன் தொட்டி கடையில விக்கிற கார்பன நல்லா பொடியா இடிச்சு ரெண்டு ஸ்பூன், அதுக்கு மேல சுருள் சுத்தின செம்புக் கம்பி, மேல ஒரு கல்லு வச்சு அழுத்துங்க. கார்பன் பொடி ஓரமா சிந்தி ஃபாயில தொட்டுச்சுன்னா வேலை செய்யாது, டிஷ்யூவ ஃபாயில விட பெருசா வெட்டுங்க. ஒரு டப்பாவோட செம்புக் கம்பிய அடுத்த டப்பாவோட ஃபாயில்ல சேர்த்து வரிசையா இணைங்க, ஒரு டப்பாவுல ஒரு வோல்ட்டுக்கும் கம்மியாதான் வரும், நாலு சேர்ந்தா சின்ன செவப்பு எல்இடி எரியும். எல்இடியோட நீளக் கால் கார்பன் பக்கம் போகணும், குட்டைக் கால் ஃபாயில் பக்கம். எரியலைன்னா முதல்ல கல்ல இன்னும் அழுத்திப் பாருங்க, பெரும்பாலும் அதுதான் காரணம். உப்பு தண்ணி ஒரு கப்புக்கு மூணு ஸ்பூன் உப்பு, கார்பனும் டிஷ்யூவும் ரெண்டுமே நனையணும், ஆனா ஒரு டப்பாத் தண்ணி அடுத்த டப்பாவுக்குள்ள வழியக் கூடாது.

வீட்டுல ஒரு செட்டு வச்சு சோதிச்சுப் பார்த்துட்டு, கண்காட்சிக்கு புதுசா காஞ்ச செட்டு ஒண்ணு அடுக்கி எடுத்துட்டுப் போங்க, உப்பு தண்ணிய தனியா சின்ன பாட்டில்ல. நீதிபதிங்க மேசை முன்னாடி வந்து நிக்கிறப்போ எல்லாம் காஞ்சு கிடக்கணும், எல்இடி இருட்டா இருக்கணும், அவங்க கண்ணு முன்னாடிதான் பிள்ளை தண்ணிய ஊத்தணும். முன்கூட்டியே யாருக்கும் ஊத்திக் காட்டிராதீங்க.